குண்டு வெடித்த பிறகு

2017 அக்டோபர் 14, சனிக்கிழமை. சோமாலியாவின் தலைநகர் மொகதிசுவில், ஆள் நெரிசல் மிகுந்த ஒரு சந்திப்பில் வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று வெடித்தது. பக்கத்தில் நின்ற எரிபொருள் டேங்கரும் பற்றிக்கொண்டது. பேருந்தில் இருந்தவர்கள், கடைவைத்திருந்தவர்கள், சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் அங்கேயே கருகிப்போனார்கள். இறந்தவர்கள் 587 பேர் என்று பிறகு கணக்கிட்டார்கள். யாருடைய உடல் என்று தெரியாமலேயே நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புதைக்க வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு உலகம் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் விழித்திருந்தது. அந்த இரவு அதற்குத் தகுதியானதுதான். இசை கேட்கப் போன பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்து உலகம் அழுததில் ஒரு துளியும் மிகையில்லை. ஆனால் மொகதிசுவுக்காக அந்த விழிப்பு எங்கே போயிற்று என்ற கேள்வி என்னை விடவே இல்லை. பயங்கரவாதத்தைப் பற்றி நாம் பேசும் முறையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. அது எங்கே நடக்கிறது, யாரைக் கொல்கிறது என்பதை மறைத்துவிட்டு, அது யாரை அச்சுறுத்துகிறது என்பதை மட்டும் வைத்து அதன் அளவைத் தீர்மானிக்கிறோம். காரணங்களையும் தீர்வுகளையும் தவறான இடத்தில் தேடுவதற்கு இந்தக் கோணல்தான் வழிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

சாவுக் கணக்கு தெளிவாக இருக்கிறது. பொருளாதார, அமைதி நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் உலகப் பயங்கரவாதக் குறியீட்டின்படி 2023இல் பயங்கரவாதத்தால் இறந்தவர்கள் 8,352 பேர். அதில் கிட்டத்தட்ட பாதி சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று பலருக்கு வரைபடத்தில் காட்டத் தெரியாத நாடுகள். புர்கினா ஃபாசோவில் மட்டும் இரண்டாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே உள்நாட்டுப் போர் நடக்கும் நாடுகளில்தான் பெரும்பாலான சாவுகள். கொல்லப்படுகிறவர்களில் பெரும்பகுதி முஸ்லிம்கள், ஏழைகள், கிராமத்து மக்கள்.

2024 ஆகஸ்டில் புர்கினா ஃபாசோவின் பர்சலோகோ ஊரில் நடந்தது இதுதான்: ஊரைக் காப்பதற்காகப் பதுங்குகுழி வெட்டச் சொல்லி ராணுவம் பொதுமக்களை வேலைக்கு இறக்கியது. வெட்டிக்கொண்டிருந்தவர்களை அல் காயிதாவைச் சேர்ந்த குழு வந்து சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் தாங்கள் வெட்டிய குழியிலேயே விழுந்து இறந்தார்கள். போகச் சொன்னது அரசு, சுட்டது பயங்கரவாதி. அந்த மக்களுக்கு நிற்க மூன்றாவது இடம் எதுவும் இருக்கவில்லை.

பயங்கரவாதம் என்பது எது என்பதில் உலக நாடுகள் இன்றுவரை உடன்படவில்லை. 1934இல் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் பிரான்சின் மார்சே நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கம் 1937இல் ஓர் ஒப்பந்தம் எழுதியது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. 1996இல் இந்தியா ஐ.நா.வில் முன்வைத்த முழுமையான ஒப்பந்த வரைவும் அப்படியே கிடக்கிறது. விடுதலைக்காகப் போராடுகிறவர்களைச் சேர்ப்பதா, அரசுகளின் படைகளைச் சேர்ப்பதா என்ற இரண்டு கேள்விகளில் பேச்சு முட்டி நிற்கிறது. 1946இல் ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில் குண்டு வைத்து 91 பேரைக் கொன்ற இர்குன் என்ற யூத ஆயுதக் குழுவின் தலைவர் மெனக்கெம் பெகின், பிறகு இஸ்ரேலின் பிரதமரானார். 1978இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். நெல்சன் மண்டேலாவின் பெயர் 2008 வரை அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது.

இதை வைத்து, எல்லாம் பார்க்கிறவர் பார்வையைப் பொறுத்தது என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதை என்னால் ஏற்க முடியாது. ஆயுதம் இல்லாதவர்களைத் தெரிந்தே கொன்று, உயிரோடு இருப்பவர்களைப் பணியவைக்க முயல்வது பயங்கரவாதம். கொல்கிறவரின் கொடி எது, சீருடை இருக்கிறதா இல்லையா என்பதால் செத்தவருக்கு எதுவும் மாறுவதில்லை. தமிழில் எழுதும் எனக்கு இந்த அளவுகோலை முதலில் நம் பக்கம் வைத்துப் பார்க்கும் கடமை இருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கு மாகாண முஸ்லிம்களைப் புலிகள் குறுகிய கெடு கொடுத்து ஊரைவிட்டு விரட்டினார்கள். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு காவலர்களும் கட்சிக்காரர்களும் பொதுமக்களும் சிதறிப் போனார்கள். 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியில் வெடித்த லாரி, வேலைக்கு வந்த ஊழியர்களைக் கொன்றது. இவற்றுக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. அதே அளவுகோலை 1983 ஜூலையில் தமிழர் வீடுகளை வாக்காளர் பட்டியலோடு தேடி வந்த கும்பல்கள் மீதும், 2009இல் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துவிட்டு அதன் மேலேயே விழுந்த எறிகணைகள் மீதும் வைக்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்கும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வடிவங்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. டைனமைட் வந்த பிறகு ஓர் ஆள் ஒரு பேரரசரைக் கொல்ல முடிந்தது. 1881 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரின் வண்டி மீது மக்கள் விருப்பம் என்ற புரட்சிக் குழுவினர் முதல் குண்டை வீசினார்கள். அவருக்கு எதுவும் ஆகவில்லை. காயம்பட்டவர்களைப் பார்க்க வண்டியைவிட்டு இறங்கினார். இரண்டாவது குண்டு அவரைக் கொன்றது. மக்கள் பிரதிநிதிகளின் ஆலோசனையைச் சட்டமியற்றலில் ஓரளவு சேர்க்கும் திட்டத்துக்கு அன்று காலையில்தான் அவர் ஒப்புதல் தந்திருந்தார். பட்டத்துக்கு வந்த மகன் அதைக் கிடப்பில் போட்டார், ஒடுக்குமுறை இறுகியது, அதே ஆண்டில் யூதர்கள் மீது கலவரங்கள் மூண்டன. குண்டு வீசியவர்கள் எதிர்பார்த்த மக்கள் எழுச்சி வரவில்லை.

பிறகு அடிமை நாடுகளில் எழுந்த குழுக்கள், அதற்குப் பின் இத்தாலியின் சிவப்புப் படை போன்ற இடதுசாரிக் குழுக்கள், 1979க்குப் பிறகு மதத்தின் பெயரில் வந்தவை என்று ஆய்வாளர்கள் அலைகளாகப் பிரிக்கிறார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 11 இஸ்ரேலியர்கள் பலியானபோது கேமராக்கள் முன்னமே அங்கே தயாராக நின்றன. அவர்களைப் பணயம் பிடித்த பாலஸ்தீனக் குழுவுக்கு அது தெரியும். 1985இல் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் 329 பேர். 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்த விமானத்தால் 270 பேர். அந்த வழக்கில் தண்டனை பெற்றவர் லிபிய உளவுத்துறை அதிகாரி. பயங்கரவாதிகளோடு போரிடுவதாகச் சொல்லும் அரசுகளும் இந்தக் கருவியைக் கையில் எடுத்திருக்கின்றன. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சு வாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழுவில் பட்டம் பெற்ற அறிவியலாளர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு ஓக்லஹோமாவில் 168 பேரைக் கொன்றவர் வெள்ளையரான முன்னாள் அமெரிக்கப் படைவீரர். அதில் 19 குழந்தைகள்.

இன்றைய புதிய வடிவத்துக்கு அமைப்பே தேவையில்லை. 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் ஒருவன் 77 பேரைக் கொன்றான். பெரும்பாலோர் இளைஞர் முகாமுக்கு வந்தவர்கள். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டவன் நார்வேக்காரனைத் தனக்கு முன்னோடி என்றான். சில மாதங்களில் அமெரிக்காவின் எல் பாசோவில் 23 பேரைக் கொன்றவன் கிறைஸ்ட்சர்ச்காரனைப் புகழ்ந்து எழுதியிருந்தான். 2022இல் பஃபலோவில் பத்துக் கறுப்பினத்தவர்களைக் கொன்றவனும் அதே பாதையில் வந்தான். இவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை, ஒருவருக்கொருவர் பணம் அனுப்பியதில்லை. உளவுத்துறை ஒட்டுக்கேட்க எந்தத் தொலைபேசி உரையாடலும் இருக்கவில்லை. கிறைஸ்ட்சர்ச் கொலைகள் நேரலையாக ஓடின. முதல் 24 மணி நேரத்தில் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. நீக்க வேண்டியிருந்தது அத்தனை என்றால், பார்க்கவும் பரப்பவும் எத்தனை கைகள் நீண்டிருக்கும்!

ஏன் சேர்கிறார்கள்? இந்தக் கேள்வியில்தான் சுலபமான பதில்கள் மலிந்து கிடக்கின்றன. வறுமை என்பார்கள். ஆனால் 2001 செப்டம்பர் 11 விமானக் கடத்தலுக்குத் தலைமை ஏற்ற முகமது அட்டா ஹாம்பர்க்கில் நகரத் திட்டமிடல் படித்தவர். அல் காயிதாவின் தலைவர்களில் ஒருவரான அய்மான் அல் ஜவாஹிரி அறுவைச் சிகிச்சை மருத்துவர். ஒசாமா பின் லாடன் பெரும் கட்டுமானத் தொழிலதிபரின் மகன். பசியால் இவர்கள் வரவில்லை. சரி, மதம்தான் காரணம் என்றால், அதுவும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில் தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்தவர்களிடமே பேசி 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் மத நூல்களைப் பற்றி அதிகம் தெரியாது அல்லது எதுவுமே தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள் 57 சதவீதம். சேரத் தூண்டிய கடைசி நிகழ்வு எது என்று கேட்டபோது 71 சதவீதம் பேர் காட்டியது அரசின் செயலை: குடும்பத்தில் ஒருவரோ நண்பரோ படைகளால் கொல்லப்பட்டது, கைது செய்யப்பட்டது. அதே அமைப்பின் 2023 அறிக்கையில், வேலை கிடைக்கும் என்பதே முதன்மைக் காரணம் என்று சொன்னவர்கள் 25 சதவீதம். மதம் என்றவர்கள் 17 சதவீதம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, திட்டம் போடுகிறவனும் துப்பாக்கி தூக்குகிறவனும் ஒரே கதவு வழியாக உள்ளே வருவதில்லை என்பதை. மேலே இருப்பவனுக்கு ஒரு கொள்கை இருக்கிறது. உலகத்தை மாற்றியமைக்கும் கனவு, கூடவே அதிகாரப் பசி. கீழே இருப்பவனுக்கு ஒரு சாவு இருக்கிறது, அல்லது ஓர் அவமானம், அல்லது மாதச் சம்பளம். இரண்டையும் இணைத்துத் தருவதுதான் அமைப்பின் வேலை. 'உன் அண்ணனைக் கொன்றார்களே, அது உன் வீட்டுத் துக்கம் மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் எதிரான போர்' என்று சொல்ல ஒருவன் வந்து நிற்கிறான். துக்கத்துக்கு அர்த்தம் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு சந்தையில் நிற்கும் முகம் தெரியாத பெண்ணும் எதிரியாகிறாள்.

நைஜீரியாவில் இது கண்முன்னே நடந்தது. போகோ ஹராம் என்ற தீவிரவாதக் குழுவைத் தொடங்கிய முகமது யூசுப் 2009 ஜூலையில் பிடிபட்டு, காவல்துறையின் பிடியில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. அமைப்பு ஒழிந்தது என்று நினைத்தார்கள். அடுத்து வந்த அபூபக்கர் ஷேகாவின் கீழ் அது பல மடங்கு கொடூரமாகத் திரும்பியது. 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைத் தூக்கிச் சென்றது; சிறுமிகளின் உடலில் குண்டு கட்டிச் சந்தைக்கு அனுப்பியது. யூசுப்பை நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் இவையெல்லாம் நடந்திருக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொலை ஷேகாவுக்கு ஒரு தியாகியைக் கையில் கொடுத்தது.

ஈராக்கிலும் அப்படித்தான். 2003இல் நாட்டைப் பிடித்த அமெரிக்க நிர்வாகம் ஈராக் ராணுவத்தை ஒரே ஆணையில் கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் சம்பளமும் மரியாதையும் இல்லாமல் தெருவில் நின்றார்கள். பிறகு ஐ.எஸ். எனப்படும் இஸ்லாமிய அரசு அமைப்பின் படைத் தலைமையில் சதாம் காலத்து அதிகாரிகள் பலர் தெரிந்தார்கள். அதன் தலைவரான அபூபக்கர் அல் பக்தாதி 2004இல் அமெரிக்கர்களின் புக்கா முகாமில் அடைபட்டிருந்தவர். 2014 ஜூனில் மோசூல் நகரம் அவர்கள் கையில் விழுந்தது. ஆகஸ்டில் சிஞ்சார் பகுதியில் யசீதி என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த ஆண்களைக் கொன்று குவித்து, பெண்களை அடிமைகளாக விற்றார்கள். படைகளைக் கலைத்த அந்த ஆணை யசீதிகளுக்கு இழைக்கப்பட்டதை நியாயப்படுத்தாது. ஒரு பெண்ணை விலை பேசியவன் அதற்கு முழுப் பொறுப்பாளி. காரணத்தைத் தேடுவதும் குற்றத்தை மன்னிப்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் இரு பக்கமும் இருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

லிபியா 2011இல் சிதறியபோது அதன் ஆயுதக் கிடங்குகள் பாலைவனத்தின் வழியே மாலிக்கு நடந்தன. 2012இல் வடக்கு மாலி விழுந்தது. பிரான்ஸ் 2013இல் படையோடு வந்தது, 2022இல் கிளம்பிப் போனது. இடையில் வந்த ராணுவப் புரட்சிகள், கூலிப்படைகள், கிராமத்துக்குக் கிராமம் இனப் பகை. 2022 மார்ச்சில் மூரா என்ற ஊரில் மாலி ராணுவமும் அதனுடன் வந்த வெளிநாட்டு வீரர்களும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவுசெய்தது. அந்த ஊரில் தப்பிய ஒரு சிறுவனுக்கு இன்று யார் வந்து என்ன சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. தங்கச் சுரங்கங்களில் பிடிக்கும் வரி, கால்நடைத் திருட்டு, ஆள்கடத்தலுக்கான பணயத் தொகை என்று குழுக்களுக்கு வருமானமும் உள்ளூரிலேயே இருக்கிறது.

அச்சமும் ஆளைக் கொல்லும். 2001க்குப் பிறகு விமானத்துக்குப் பயந்து அமெரிக்கர்கள் பலர் காரில் நெடுந்தூரம் போனார்கள். அடுத்த ஓராண்டில் அதனால் கூடுதலாக ஏறத்தாழ 1,500 பேர் சாலை விபத்துகளில் இறந்ததாக ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரன்சர் கணக்கிட்டார். விமானக் கடத்தலுக்கு ஆன செலவு நான்கு முதல் ஐந்து லட்சம் டாலர் என்று அமெரிக்காவின் விசாரணைக் குழு சொன்னது. அதற்குப் பதிலடியாக நடந்த போர்களுக்கு எட்டு லட்சம் கோடி டாலர் ஆகும் என்பது பிரௌன் பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு. அடித்தவன் எதிர்பார்த்தது இந்தப் பதிலடியைத்தான். ஒரு பெரிய அரசை நிதானம் இழக்கவைப்பதுதான் சின்னக் கூட்டத்துக்கு இருக்கும் ஒரே வழி.

அப்படியானால் எதுவும் செய்யக் கூடாதா? செய்ய வேண்டும், கடுமையாகவும் செய்ய வேண்டும். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1968க்கும் 2006க்கும் இடையே இயங்கிய 648 குழுக்களை ஆராய்ந்தது. முடிவுக்கு வந்த குழுக்களில் 43 சதவீதம் அரசியல் வழிக்கு மாறியதால் முடிந்தன. 40 சதவீதத்தைக் காவல்துறையும் உளவுத்துறையும் முடித்தன. ராணுவ பலம் மட்டுமே முடித்தது 7 சதவீதம். ஒரு குண்டு வெடித்ததும் நம் வாயில் முதலில் வருவது அந்த ஏழு சதவீதத்தின் வழிதான். பொறுமையான காவல் விசாரணை, சாட்சிகளின் பாதுகாப்பு, தவறான ஆளைப் பிடித்துத் தள்ளாத நீதிமன்றம் ஆகியவற்றைக் கேட்டு யாரும் ஊர்வலம் போவதில்லை. 1974 பர்மிங்காம் குண்டுவெடிப்புகளில் 21 பேர் இறந்தார்கள். குற்றமற்ற ஆறு அயர்லாந்துக்காரர்கள் அதற்காகச் சிறை சென்று, 1991இல்தான் வெளியே வந்தார்கள். உண்மையில் குண்டு வைத்தவர்களை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தவே இல்லை. பலியானவர்களின் குடும்பங்களுக்கும் அந்தத் தீர்ப்பு செய்த துரோகம் அது.

வட அயர்லாந்தைப் பற்றி நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் உண்டு. 1972 ஜனவரி 30 அன்று, விசாரணையில்லாச் சிறைவைப்பை எதிர்த்து டெரியில் ஊர்வலம் போனவர்கள் மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டார்கள். அன்றே 13 பேர் இறந்தார்கள், இன்னொருவர் பிறகு. முதலில் நடந்த விசாரணை படையினரைப் பெரும்பாலும் காப்பாற்றியது. பிரிட்டனிலிருந்து பிரிந்து அயர்லாந்தோடு சேர வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய, கத்தோலிக்கர் பகுதிகளில் ஆதரவு பெற்ற ஐ.ஆர்.ஏ.வில் சேர இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த ஓராண்டில் மட்டும் இரு தரப்பிலுமாகக் கிட்டத்தட்ட 500 பேர் செத்தார்கள். முப்பது ஆண்டுகளில் 3,500 பேர். இறந்தவர்கள் மீது குற்றமில்லை என்று அரசு ஒப்புக்கொள்ள 2010 ஜூன் வரை ஆயிற்று.

1998 ஏப்ரல் 10 அன்று அமைதி உடன்பாடு கையெழுத்தானது. மே மாதம் மக்கள் வாக்களித்தார்கள். வடக்கில் 71 சதவீதம் ஆதரவு. ஆகஸ்ட் 15, சனிக்கிழமை பிற்பகல், உடன்பாட்டை ஏற்காமல் ஐ.ஆர்.ஏ.விலிருந்து பிரிந்துபோன ஒரு குழு ஓமா நகரின் கடைத்தெருவில் கார் குண்டு வைத்தது. தொலைபேசியில் வந்த எச்சரிக்கையில் இடம் மாறியிருந்ததால், காவலர்கள் மக்களைக் குண்டு இருந்த பக்கமே அனுப்பிவிட்டார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், ஸ்பெயினிலிருந்து வந்த விருந்தினர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்த ஒரு கர்ப்பிணி உட்பட 29 பேர் இறந்தார்கள். அந்தக் காலம் முழுவதிலும் வடக்கில் நடந்த தனித் தாக்குதல்களில் அதுதான் ஆக அதிக உயிரைக் குடித்தது. உடன்பாட்டைத் தூக்கி எறிய இதைவிட வலுவான சாக்கு யாருக்கும் கிடைத்திருக்காது. அதற்காகத்தான் குண்டும் வைத்தார்கள்.

ஆனால் ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெயின் தலைவர் ஜெரி ஆடம்ஸ், எந்த மழுப்பலும் இல்லாமல் அதைக் கண்டித்தார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கண்டனம் அதுவரை வந்ததில்லை. தெருவில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சேர்ந்து நின்று அழுதார்கள். அரசு படையை அனுப்பிக் கத்தோலிக்கக் குடியிருப்புகளைச் சூறையாடவில்லை. பழைய சிறைவைப்புக்கும் திரும்பவில்லை. உடன்பாடு நின்றது. குண்டு வைத்த குழுவைச் சொந்தப் பகுதிகளே வெறுத்து ஒதுக்கின. செப்டம்பர் 8 அன்று அது போர்நிறுத்தம் அறிவித்தது.